சம்பந்தம் விசாரிக்கப் போய்ச் சாப்பிட்டவை

விழுப்புரத்தில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லி ஏற்றிக்கொண்ட கண்டக்டர், எங்களைக் கொண்டுபோய் விக்கிரவாண்டியில் ஒரு மோட்டல் வாசலில் தள்ளினார். கேட்டதற்கு, "பைபாஸ்ல கூவிக் கூவிப் பார்த்தேன், நீங்க தூங்கினு இருந்தா நான் இன்னாம்மா பண்றது?" என்றார். பச்சைப் பொய். மதுரையில் ஏறியதிலிருந்து நான் கண்ணை மூடவில்லை. வண்டி விழுப்புரத்துக்குள் போனால் நேரமாகும், மோட்டலுக்குப் போனால் டிரைவருக்கும் அவருக்கும் திரை போட்ட அறையில் கோழிக்கறியோடு சாப்பாடு. விஷயம் அவ்வளவுதான். நான்குவழிச் சாலை போட்டு முடித்த புதிது அது. சாலை நன்றாகத்தான் இருந்தது, ஊர்தான் கண்ணில் படவே இல்லை.

பசி. வேறு வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியில் பாட்டு காதைக் கிழித்தது. இட்லி கேட்டேன். காலையில் அவித்ததை மத்தியானம் மூன்று மணிக்குக் கொடுத்தார்கள். சாம்பார் இல்லையாம், குருமாதானாம். அந்தக் குருமாவில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இப்படியா ஒரு இட்லி என்று கேட்டேன். பரிமாறியவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பேஜாரு பண்ணாதம்மா, ஜல்தி சாப்டு. பின்னாடி ரெண்டு பஸ்ஸு நிக்குது" என்றார். மதுரையில் ராத்திரி எந்த நேரத்தில் போனாலும் தெருவோரத்து அக்கா ஆவி பறக்க இட்லி எடுத்து, நாலு சட்னி ஊற்றி, "போதுமாத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளைப் பார்ப்பாள். இங்கே சாப்பிடுகிறவன் திரும்பி வரப்போவதில்லை என்று கடைக்காரனுக்குத் தெரியும். திரும்பி வராதவனுக்கு எதைக் கொடுத்தால் என்ன?

நாங்கள் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஷீலா பி.ஃபார்ம் முடித்துவிட்டு ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. குடும்பத்துக்கு விழுப்புரத்தில் வீடு, திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்த ஓட்டல். எங்களைப் போலவே கத்தோலிக்கர்கள். கல்யாணம் முடிந்ததும் பெண் கொஞ்ச காலம் மாமனார் வீட்டில் இருக்க வேண்டும், விசா வந்ததும் மாப்பிள்ளை அழைத்துக்கொள்வார் என்று தரகர் சொன்னார்.

பெண்ணைக் கொடுக்குமுன் மாப்பிள்ளையின் ஊருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், டீக்கடை, மளிகைக்கடை, கோயில் வாசல் என்று நாலு இடத்தில் விசாரிப்பது எங்கள் வழக்கம். என் கணவர் சவுதியில் இருந்ததால் என் அண்ணன் சவரி துணைக்கு வந்தார். அண்ணனைப் பொறுத்தவரை விசாரணை என்றாலே சாப்பாடுதான். "கடையில உக்காந்து நாலு இட்லியத் தின்னாத்தான்த்தா அவென் வாயத் தொறப்பான்" என்பார். தவக்காலம் வேறு. அண்ணன் வெற்றிலையை விட்டிருந்தார். வெற்றிலை போடாத வாய் சும்மா இருக்குமா? தின்றுகொண்டே இருந்தது.

விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரத்துக்கு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு லாட்ஜில் அறை. அன்றைக்கு யாரிடமும் எதையும் கேட்கத் தெம்பில்லை.

மறுநாள் காலை ஒரு சின்ன டிபன் கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். எங்கள் பக்கம் இது கிடையாது. கடலைப்பருப்பை அரைத்துப் பொரித்து, உதிர்த்து, பட்டை சோம்பு வாசனையோடு குழம்பில் போடுகிறார்கள். முதலில் முகத்தைச் சுளித்தேன், பிறகு இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். அந்தக் கடைக்காரருக்கு வாய் நிறையப் பேச்சு. அண்ணன் பிடித்துக்கொண்டார். நாங்கள் மாப்பிள்ளை வீட்டுப் பெயரைச் சொன்னதும் அவர் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டார்.

"சம்மந்தமா? தாராளமா குடுங்க. தங்கமான குடும்பம். பெரியவரு காலைல பூசைக்கு வந்துட்டுத்தான் கடைக்குப் போவாரு."

"பையென் எப்பிடிங்க?"

"குவைத்துல கீறவன நான் எங்க பாத்தேன்? ஆனா நல்ல பையன்."

பார்க்காத பையனுக்கு நற்சான்று! எனக்கு எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மளிகைக்கடை, ஒரு தையல்கடை, ஒரு டீக்கடை. எங்கே போனாலும் தங்கம், தங்கம்தான். டீக்கடையில் மட்டும் ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்திலிருந்தவர் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "சும்மா இரு. ஒரு கல்யாணத்தக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்கு?" என்று மெதுவாகச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று எவனோ ஒருவன் சொல்லிவைத்துவிட்டுப் போனான். அந்த ஆயிரத்தில் ஆளுக்கொன்றைப் பங்கு போட்டுக்கொண்டு ஊரே புண்ணியம் தேடுகிறது. பெண் போய் மாட்டிக்கொண்டால் அந்தப் பாவம் யார் கணக்கில் ஏறும் என்று எவனும் கேட்பதில்லை. நான் அந்த மனிதரிடம் திரும்பி, "என்ன சொல்ல வந்தீக? சொல்லுங்க" என்றேன். அவர் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒண்ணியும் இல்லம்மா. மூத்த மருமவ வந்தப்புறம்தான் அவங்க ஓட்டலு தூக்கி நின்னுச்சு. அவ்ளோதான். அந்தப் பொண்ணு கைப்பக்குவம் அப்படி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"பாத்தியா, மருமகளப் பத்திக்கூட ஊரே பெருமையாப் பேசுது" என்றார் அண்ணன். எனக்கும் அப்போது அது பெருமையாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. திண்டிவனம் போய் அந்த ஓட்டலிலேயே யாரென்று சொல்லாமல் சாப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு. அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஜனம் திரண்டுகொண்டிருந்தது. இருந்த பஸ்ஸையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். திண்டிவனம் பஸ் எப்போது வரும் என்று கேட்டால், "வந்துக்கினே கீது" என்றார் நேரக்காப்பாளர். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் அது வந்துகொண்டேதான் இருந்தது. நடுவில் ஒரு அம்மாள் கூடையில் அவித்த மல்லாட்டை விற்றாள். மதுரையில் நாங்கள் கடலை என்போம். உப்புப் போட்டு அவித்த இளங்கடலை, தோலை உரித்தால் பால் மாதிரித் தண்ணீர். அதைத் தின்றுதான் அன்று காலையில் என் கோபம் கொஞ்சம் அடங்கியது. கடைசியில் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். என் காலில் ஒருவர் பொங்கல் பானையை இறக்கி வைத்தார்.

ஓட்டல் பெரியதில்லை. வாசலில் பூவரச மரம், உள்ளே ஆறேழு மேசை, சுவரில் சூசையப்பர் படம், அதற்கு முன் சின்ன மின்விளக்கு. கல்லாவில் இளவயதுக்காரர் ஒருவர். மூத்த மகனாக இருக்க வேண்டும் என்று ஊகித்தேன். மேசை மேசையாகப் போய் உபசரித்துக்கொண்டிருந்த வெள்ளை வேட்டிதான் பெரியவர். கூட்டம் தாங்கவில்லை. ஒரு மேசையில் சாப்பிட்டு முடிப்பவனுக்குப் பின்னாலேயே அடுத்தவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தவக்காலத்து வெள்ளி, கறி தொடக்கூடாது. மீனுக்குத் தடையில்லை. மரக்காணத்திலிருந்து காலையில் வந்த காரப்பொடி என்றார்கள். கையளவுகூட இல்லாத வெள்ளி நிற மீன். முள் அதிகம் என்று எங்கள் பக்கம் சீந்தமாட்டார்கள். அதைப் பச்சை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள்.

அந்தக் குழம்பைப் பற்றி எப்படிச் சொல்வேன்? இலையில் சோற்றைக் குவித்து, அதன் மேல் ஊற்றினார்கள். மேலே நல்லெண்ணெய் தெளிந்து மினுங்கியது. புளியும் மாங்காயும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நின்றன. முதல் வாய் போட்டதும் அண்ணன் பேச்சை நிறுத்தினார். அவர் வாழ்நாளில் சாப்பாட்டு மேசையில் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததில்லை. நான் மீனைப் பிய்த்து முள்ளை ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டேன். எங்கள் அம்மா வைத்த குழம்பைவிட நன்றாக இருந்தது, அம்மா மன்னிக்கட்டும். கூடவே கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு ஒரு கூட்டு. மிளகுரசத்தைத் தனியாக டம்ளரில் வாங்கிக் குடித்தேன். மூன்று நாளில் முதல் முறையாக எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

அண்ணன் மூன்றாவது முறை குழம்பு கேட்டார். அங்கேதான் கெட்டது. பெரியவர் தாமே வாளியோடு வந்து, "மதுரைப் பக்கமாங்க? பேச்சு அப்படி கீதே" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு இலையை மடிக்க வேண்டியதுதானே? ஒருவர் சோற்றைத் தின்றுகொண்டே அவரிடம் பொய் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. "நாங்கதாங்க... ஷீலா வீட்டுக்காரவுக" என்று உளறிவிட்டார். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். வேளை தப்பிவிட்டது.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. உண்மையிலேயே மலர்ந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். "அட, சம்மந்திங்களா! சொல்லிட்டு வந்துருந்தா ஸ்டேண்டுக்கு வண்டி அனுப்பி இருப்பேனே. டேய், வாழைப்பழம் எடு!" என்று கல்லாவைப் பார்த்துக் கத்தினார். எங்கள் இலைக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குழம்பு எப்படி?"

"இப்பிடி ஒரு கொழம்பு நான் தின்னதே இல்லைங்க" என்றார் அண்ணன்.

"வெளி ஆளு கையே கிடையாதுங்க. முன்னல்லாம் மாஸ்டரு வச்சிருந்தேன். ஒருத்தன் குடிப்பான், இன்னொருத்தன் சொல்லாம ஓடிப்பூடுவான், பெரிய பேஜாரு. மூத்தவனுக்குக் கட்டினப்புறம் அந்தத் தொல்லையே இல்ல. எல்லாம் வூட்டுப் பொண்ணு கைதான். காலைல டிபன்லேர்ந்து ராத்திரி தோசை வரைக்கும் ஸ்டெல்லாதான். உள்ள போய்ப் பாருங்கம்மா, நம்ம சமையல்கட்டு. நாளைக்கு உங்க பொண்ணு பொழங்கப்போற எடம்."

அதை அவர் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்! ஷீலாவின் விவரம் கேட்டபோது தரகர் மூலம் அவர்கள் முதலில் கேட்டது சமைக்கத் தெரியுமா என்பதுதான். எல்லாரும் கேட்பதுதானே என்று, மீன் குழம்பு நன்றாக வைப்பாள் என்று நானே பெருமையாகச் சொல்லியனுப்பியிருந்தேன். என் மகளுக்கு நானே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று அந்த நிமிஷம் உறைத்தது. கையைக் கழுவிவிட்டு உள்ளே போனேன்.

சமையல்கட்டுக்குத் தகரக் கூரை. இரண்டு விறகடுப்பு, ஒரு கேஸ் அடுப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருந்தன. பாத்திரம் தேய்க்க ஒரு வயதான அம்மாள் இருந்தாள். மற்றதெல்லாம் ஸ்டெல்லாதான். முப்பது வயது இருக்கலாம். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் குழம்பைத் துழாவி, மறு கையால் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த வடுக்கள். பழையதும் இருந்தது, நேற்றையதும் இருந்தது.

"வாங்கம்மா. அனல் அடிக்கும், அங்கயே நில்லுங்க. மதுரைலேர்ந்தா வந்துகீறீங்க? பொண்ணு இன்னா படிச்சிகீது?"

"பி.ஃபார்ம். நீ என்னம்மா படிச்சிருக்க?"

"நான் நர்சிங்கு. ஆஸ்பத்திரில ரெண்டு வருசம் வேலைகூடப் பார்த்தேன்." அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். "அதெல்லாம் முன்னாடி."

குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? அவள் சிரிக்கவில்லை. "எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றாள். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணாங்கம்மா. போவ முடியல. முன்னாடி ஒரு வாட்டி ரெண்டு நாளு ஊருக்குப் போய்ட்டு வந்தேன். மாமனாரே வச்சாரு குழம்ப. சாப்ட வந்தவங்க இலைல உக்காந்துக்கினே, ஸ்டெல்லா இல்லையா, ருசி மாறிப்போச்சேன்னு கேட்டுட்டாங்க. அதுலேர்ந்து அனுப்புறதில்ல. அடிக்கிறது, திட்டுறது எல்லாம் இல்லம்மா. நல்லவங்கதான். அனுப்பமாட்டாங்க, அவ்ளோதான்."

அவளைப் பூட்டிவைத்தது மாமனார் மட்டுமில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொருவனும் அதற்கு ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். கொஞ்சம் முன்னால் இலையை வழித்துச் சாப்பிட்ட நானும்தான். ஊர் முழுக்க இதைத் தெரிந்துவைத்திருக்கிறது. தெரிந்துவைத்துக்கொண்டுதான் கைப்பக்குவம், கைப்பக்குவம் என்று எங்களிடம் பெருமை பேசியிருக்கிறது.

"பயப்படாத. என் மகளை நான் இங்க குடுக்கப்போறதில்ல" என்றேன். அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைப்பு எனக்கு.

ஸ்டெல்லா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யோ, அப்டிச் சொல்லிடாதீங்கம்மா" என்று கிட்டே வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை கொதித்தது. "உங்க பொண்ணு வந்தா நான் பத்திரமா பாத்துக்குவேன். விறகடுப்புப் பக்கம் விடமாட்டேன். குழம்பு மட்டும் கத்துக் குடுத்துர்றேன். ஒரே மாதிரி வர ஆரம்பிச்சிட்டா நான் ஒரு வாரம் எங்கம்மாவப் பாத்துட்டு வந்துருவேன். ஒரு வாரம்தாம்மா. இந்த சம்மந்தம் அமையணும்னு ஜெபம் பண்ணிக்கினு கீறேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணோடு போட முடியாது. அவள் கேட்டது நியாயம்தான். அவள் வெளியே வர வேண்டுமென்றால் இன்னொருத்தி உள்ளே போக வேண்டும். அந்த இன்னொருத்தி என் பெண். "என்னால முடியாதும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கருகத் தொடங்கியிருந்த அப்பளத்தை எடுத்து ஒதுக்கினாள்.

நான் வெளியே வந்தபோது அண்ணனும் பெரியவரும் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள். பாஸ்காத் திருநாள் முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கலாமாம்! அண்ணன் வாயில் வாழைப்பழம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததென்று தெரியவில்லை.

"தேதியெல்லாம் பேச வேண்டாம். என் மகளை நான் குடுக்கல."

"இன்னாம்மா ஆச்சு?" என்று பெரியவர் எழுந்தார். கல்லாவிலிருந்தவரும் எட்டிப் பார்த்தார்.

"ஆத்தா, வாய மூடு. ரூமுல போய்ப் பேசிக்கலாம்" என்று அண்ணன் என் முந்தானையை இழுத்தார்.

"இங்கனயே பேசணும்ணே. ஐயா, நீங்க காலையில பூசைக்குப் போறீகளாம். உங்க மருமக கடைசியா எப்பப் போனா? பெத்த தாய்க்குக் கண் ஆபரேசன், அதுக்கு அனுப்பல. நர்சு படிச்ச பிள்ளை கையி முழுக்கத் தீப்புண்ணு. மாஸ்டருக்குக் குடுக்க மனசில்லாமத்தான் மகனுக்குப் பொண்ணு தேடுறீகளா? சமையலுக்கு ஆள் வேணும்னா ஆள் வையுங்க. அந்தப் பிள்ளையை முதல்ல அவ ஊருக்கு அனுப்புங்க."

பெரியவர் முகத்தில் கோபம்கூட வரவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "அவ வூடு, அவ சமைக்கிறா. இதுல இன்னாங்க தப்பு?" என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். மகன் கல்லாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

நான் மேசைகளைப் பார்த்தேன். அத்தனை பேரும் கேட்டார்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஆமாங்க, அந்தப் பொண்ண ஒரு வாரம் அனுப்புங்க, நாங்க ரசத்த ஊத்திச் சாப்ட்டுக்கிறோம் என்று சொல்லிவிடமாட்டார்களா என்று நின்றேன். எல்லாரும் குனிந்து இலையைப் பார்த்தார்கள். முள்ளை ஒதுக்குவதில் மும்முரமாக இருந்தார்கள்.

கடைசி மேசையிலிருந்த ஒருவர் சோற்றில் குழி பறித்துக்கொண்டு, உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு குடும்மா."

"தோ வர்றேங்க" என்றாள் ஸ்டெல்லா.